வரையப் பிடித்த பிள்ளைக்குக் கணக்கை எப்படிப் பழக்குவது?

கேள்வி: சேலத்தில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. நாள் முழுக்க ஏதாவது வரைந்துகொண்டிருப்பாள். கணக்கு நோட்டை எடுத்தால் மட்டும் வயிறு வலிக்கிறது என்பாள். மகன் ஏழாம் வகுப்பு. மதிப்பெண் வாங்கிவிடுகிறான், ஆனால் எல்லாம் மனப்பாடச் சூத்திரம். ஓவியத்தோடு சேர்த்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் எண்ணுக்கு ஏற்ற வண்ணம் தீட்டும் தாள்கள்தான் வருகின்றன. உண்மையிலேயே பலன் இருக்குமா? வீட்டில் எதை வைத்துத் தொடங்கலாம்?

பதில்:

பலன் இருக்கும். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தத் தாள்களால் இல்லை. 7 × 6 போட்டுப் பார், விடை 42 வந்தால் அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடி என்று ஒரு கிளிப் படம் கொடுத்திருப்பார்கள். கிளியை ஏற்கெனவே வேறு யாரோ வரைந்துவிட்டார்கள். பெருக்கல் தப்பாக வந்தாலும் சிறகு பச்சை, மூக்கு சிவப்பு என்று உங்கள் மகள் கண்ணாலேயே ஊகித்துத் தீட்டிவிடுவாள். அதில் அவள் வரைந்ததும் இல்லை, கணக்குப் போட்டதும் இல்லை.

ஒரு வேலை இதற்கு ஒத்துவருமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: கணக்குப் பிசகினால் படமும் பிசக வேண்டும். அப்படிப்பட்ட வேலையில் சிவப்பு மையோடு பக்கத்தில் உட்கார ஆள் தேவைப்படாது. பிள்ளையே பார்த்துவிட்டு, "ஐயோ, இங்க கோணிக்கிச்சு" என்று அழித்துத் திரும்பப் போடும். தன் தப்பை அடுத்தவர் வாயால் கேட்கப் பயந்துதான் பல பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கிறது. படத்தில் வரும் தப்பு அப்படிச் சுடாது.

நீங்கள் இருக்கும் ஊர் இதற்கு ரொம்பத் தோதானது. தறி, கொலுசு, வளையல், வாசல் கோலம் என்று எல்லாமே எண்ணிச் செய்கிற வேலை.

மகளுக்குக் கோலத்தில் தொடங்குங்கள். கட்டம் போட்ட நோட்டு வேண்டாம், வெள்ளைத்தாளிலோ மொட்டை மாடியிலோ புள்ளி வைக்கட்டும். முதலில் இடுக்குப் புள்ளி (ஒரு வரிசையின் புள்ளி பக்கத்து வரிசைப் புள்ளிகளின் இடுக்கில் வரும்), 7 முதல் 4 வரை. நடுவில் 7 புள்ளி, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் எத்தனை புள்ளி என்று உடனே கேட்காதீர்கள். நடுப்புள்ளிக்கு ஒரு நிறம், அதை ஒட்டிச் சுற்றியிருக்கும் புள்ளிகளுக்கு இன்னொரு நிறம், அதற்கடுத்த சுற்றுக்கு வேறொன்று என்று அடுக்கடுக்காக நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை புள்ளி என்று அவளே ஓரத்தில் எழுதட்டும். 1, 6, 12, 18 என்று வரும். கூட்டினால் 37.

ஆறாம் வாய்பாடு அவள் கையாலேயே வந்துவிட்டது. இதை நீங்கள் சொல்லாமல் அவளாகக் கண்டுபிடிக்க ஒரு நாளோ ஒரு வாரமோ ஆகட்டும். அப்புறம் 9 முதல் 5 வரை போட்டால் எத்தனை புள்ளி கூடும் என்று கேளுங்கள். புள்ளி வைக்காமலே 24 என்று சொன்னாள் என்றால் அமைப்பைப் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். மொத்தம் 61. வைத்துப் பார்த்து அவளே சரிபார்த்துக்கொள்வாள்.

அடுத்தது நேர்ப்புள்ளி, 7 முதல் 1 வரை. 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. இதற்குச் சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். முனைப்புள்ளியில் நீலம் என்று தொடங்கினால் நீலம் 16 வரும், மற்றது 9 வரும். தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் நீலப் புள்ளிகள் நாலுக்கு நாலு சதுரமாக நிற்கும். அதன் இடுக்குகளில் மற்ற நிறம் மூன்றுக்கு மூன்றாக உட்கார்ந்திருக்கும். 16-ம் 9-ம் சேர்ந்தால் 25, அதுவும் ஐந்துக்கு ஐந்து சதுரம்தான். இதைப் பார்த்துவிட்டு எல்லாக் கோலத்திலும் இப்படியே வரும் என்று மகள் முடிவுகட்டினால் தடுக்காதீர்கள். 9 முதல் 1 வரை போடச் சொல்லுங்கள். 25-ம் 16-ம் சேர்ந்து 41 வரும். இரண்டு அடுத்தடுத்த சதுரங்கள் சேர்வது அப்படியே இருக்கிறது, மொத்தம் மட்டும் சதுரமாகவில்லை. எது தொடர்ந்தது, எது நின்றுபோனது என்று நான்காம் வகுப்பிலேயே ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் அது பெரிய விஷயம்.

சிக்குக் கோலத்தை மகனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "கோலமா? நானா?" என்று முறுக்குவான். தாளில், பேனாவில் என்று சொல்லிப் பாருங்கள். நேர்ப்புள்ளி, மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. கோடு புள்ளிகளுக்கு இடையே சாய்வாகவே போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும், நடுவில் எங்கும் திரும்பக் கூடாது. இதுதான் விதி. கையெடுக்காமல் போட்டால் ஒரே இழையில் எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். இப்போது நான்குக்கு நான்கு போடச் சொல்லுங்கள். பாதியிலேயே மூடிக்கொள்ளும், மிச்சப் புள்ளிகளுக்கு வேறு இழை தேவைப்படும். இழைக்கு ஒரு நிறம் என்று போட்டால் நான்கு நிறம் ஆகும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு இழை. மூன்றுக்கு ஆறு என்றால் மூன்று. ஐந்துக்கு ஆறு என்றால் மறுபடி ஒன்றே.

இந்த எண்களை ஒரு அட்டவணையாக எழுதி வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விடலாம். மீப்பெரு பொதுக் காரணி என்று பள்ளியில் படித்தது இங்கே எதற்கு வந்தது என்று அவனே குழம்புவான். ஏன் அப்படி வருகிறது என்பதும் அவன் வயசுக்கு எட்டக்கூடியதுதான். இழை, கேரம் பலகையில் சாய்வாக அடித்த காய் மாதிரி நாலு ஓரத்திலும் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. நீளவாக்கில் போய்வருவதும் அகலவாக்கில் போய்வருவதும் ஒரே நேரத்தில் முடிந்தால்தான் தொடங்கிய இடத்துக்கு வர முடியும். அது மீச்சிறு பொது மடங்கு. 4-க்கும் 6-க்கும் அது 12. கோலத்தில் இருப்பது 24 புள்ளி. ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சாய்வுத் துண்டு என்று எண்ணினால் மொத்தம் 96 துண்டு. ஓர் இழை மூடும்போது 48 துண்டு போயிருக்கும், அதாவது 12-இன் நான்கு மடங்கு. மிச்சம் இன்னோர் இழைக்கு. இரண்டு எண்களின் பெருக்கல் தொகை அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்று பாடத்தில் ஒரு வரி இருக்கும். மனப்பாடம் செய்த அந்த வரி கோலத்தில் நிறம் நிறமாக ஓடுகிறது.

'பொம்பளைங்க வேலை' என்று அவன் இன்னும் சிணுங்கினால் இதைச் சொல்லுங்கள்: தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் விரலால் இதேபோல் புள்ளி வைத்துக் கோடு சுற்றுவார்கள். அதைப் போடுகிறவர்கள் அங்கே ஆண்கள். மொசாம்பிக்கில் பணியாற்றிய பாலஸ் கெர்டெஸ் என்ற கணித அறிஞர் அதையும் நம் கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறைய எழுதியிருக்கிறார்.

அடுத்தது தறி. அம்மாபேட்டையிலோ இளம்பிள்ளையிலோ தறி வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால் ஒரு நாள் அழைத்துப் போங்கள். இல்லாவிட்டாலும் இரண்டு நிறச் சார்ட் தாள் போதும். ஒரு தாளில் ஓரம் விட்டு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 20 பட்டை வருமாறு கீறல் போடுங்கள், அது பாவு. இன்னொன்றைப் பட்டை பட்டையாக வெட்டினால் அது ஊடை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பாய் முடைவது எல்லாப் பள்ளியிலும் செய்கிறார்கள். அதோடு நிறுத்தினால் பெரிய பலன் இல்லை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்று போடுங்கள். அடுத்த வரிசையில் ஒரு பட்டை தள்ளித் தொடங்குங்கள். அதற்கடுத்ததில் இன்னும் ஒன்று தள்ளுங்கள். ஜீன்ஸ் துணியில் இருக்குமே, அந்தச் சாய்கோடு கிளம்பி வரும். எங்காவது ஒரு பட்டை மாறிப் போனால் கோடு உடைந்து நிற்கும். தள்ளி நின்று பார்க்கிற யாருக்கும் தெரியும், முடைந்த பிள்ளைக்கு எல்லாரையும்விட முதலில் தெரியும்.

நான்கு வரிசைக்கு ஒரு முறை அமைப்பு திரும்புகிறது என்பதை மகள் கவனித்த பிறகு, 17-ஆவது வரிசை எப்படித் தொடங்கும் என்று கேளுங்கள். 17-ஐ நாலால் வகுத்தால் மீதி 1, ஆகவே முதல் வரிசை மாதிரியே. வகுத்தலில் மீதி எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரிந்து கிடையாது. ஈவைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்கிற கணக்கு இது.

கட்டம் போட்ட நோட்டு இப்போது வெளியே வரட்டும். ஜக்கார்டு தறிக்குச் சேலை டிசைன் போடுகிறவர்கள் கிராஃப் தாளில்தான் போட்டு வந்தார்கள். இப்போது கணினித் திரையில் போட்டாலும் அதுவும் கட்டம்தான். பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு கட்டம். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை இருக்கும் இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் அமைத்த முறை இது. மகள் ஒரு மாங்காய் புட்டாவைக் கட்டங்களால் வரையட்டும். வளைந்த கோட்டைச் சதுரங்களால் காட்ட வேண்டியிருப்பதே அவளுக்குப் புது அனுபவம்.

அப்புறம் பார்டர். புட்டா 12 கட்ட அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்டர் 100 கட்டம். எட்டு புட்டா வரும், 4 கட்டம் மிச்சம். அந்த நாலை என்ன செய்வது? இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டாக விடலாம். புட்டாக்களுக்கு நடுவே பிரித்து விடலாம் என்றால், எட்டு புட்டாவுக்கு நடுவே ஏழு இடைவெளிதான் இருக்கும், நாலை ஏழாகப் பங்கிட முடியாது. அல்லது புட்டாவையே 10 கட்டத்துக்குச் சுருக்கிவிடலாம். மிச்சமே வராது, ஆனால் மாங்காய் ஒல்லியாகிவிடும். எது அழகு என்பதற்கு நீங்கள் விடை சொல்லக் கூடாது. அதை அவள் முடிவு செய்யட்டும். வகுத்தல் கணக்கு முடிந்த இடத்தில் ஓவியர் வேலை தொடங்குகிறது, இரண்டையும் ஒரே ஆள் செய்கிறாள்.

கொலுசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாசிமணியில் ஒரு ஜோடி கோக்கச் சொல்லுங்கள். நாலாவது மணிதோறும் சிவப்பு, ஆறாவது மணிதோறும் பெரிய மணி. பன்னிரண்டாவதில் சிவப்பே பெரிய மணியாக வர வேண்டும். கடையில் சிவப்பில் பெரிய மணி இல்லாவிட்டால் அங்கேயே டிசைன் மாறும். வலது காலுக்குக் கோத்ததை இடது காலுக்கு அப்படியே நகல் எடுப்பதா, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் கோப்பதா என்பதும் நல்ல கேள்வி.

வளையலில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சின்னக்கடை வீதியில் எந்தக் கடையில் கேட்டாலும் ரெண்டே நாலு, ரெண்டே ஆறு, ரெண்டே எட்டு என்றுதான் அளவு சொல்வார்கள். பெட்டியில் 2.4, 2.6, 2.8, 2.10 என்று ஒட்டியிருக்கும். தசம எண் படித்த பிள்ளை 2.10 தான் இருப்பதிலேயே சின்னது என்று சத்தியம் செய்யும். கையில் போட்டுப் பார்த்தால் அதுதான் பெரிசு. ஏனென்றால் அந்தப் புள்ளி தசமப் புள்ளியே இல்லை. இரண்டு அங்குலமும், ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நாலு பங்கும் சேர்ந்ததுதான் ரெண்டே நாலு. அதாவது இரண்டேகால் அங்குலம். ரெண்டே எட்டு என்றால் இரண்டரை. ரெண்டே ஆறு என்றால் இரண்டும் எட்டில் மூன்றும். இது உள்விட்டத்தின் அளவு.

வீட்டில் இருக்கும் வளையல்களை எல்லாம் கொட்டி, அளவு வாரியாக அடுக்கி, உள்விளிம்பில் பென்சிலை ஓட்டி வட்டங்கள் வரையச் சொல்லுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி என்று மகள் எப்படி வேண்டுமானாலும் போடட்டும். ஒரே அளவு வளையலால் ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவு வட்டங்களைத் தொட்டாற்போல் அடுக்கினால் சரியாக ஆறு அடங்கும், இடைவெளி விடாமல். நிறம் கொடுத்த கோலத்தில் நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு வந்ததல்லவா, அதே ஆறுதான். இதை நீங்கள் சொல்லாதீர்கள், இரண்டு தாளையும் அருகருகே சுவரில் ஒட்டிவையுங்கள்.

மகன் அதே வட்டத்தின்மேல் நூலை ஒட்டி, எடுத்து, அளக்கட்டும். ரெண்டே எட்டு வளையலுக்கு ஏழே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். விட்டத்தால் வகுத்தால் மூன்றுக்கு மேல் கொஞ்சம். எந்த வளையலை எடுத்தாலும் அந்த 'மூன்றும் கொஞ்சமும்' மாறுவதில்லை என்று கண்ட பிறகு 22/7 என்று எழுதினால் அது சூத்திரமாகத் தெரியாது. நூல் நழுவும், அளவு கொஞ்சம் முன்னே பின்னே வரும். பல வளையலில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்குப் போவீர்கள் என்றால் அங்கேயும் வேலை இருக்கிறது. காப்பிச் செடியில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். அதே தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக் கொடியில் மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கும். வரைகிற பிள்ளை இதைத்தான் முதலில் பார்க்கப் பழக வேண்டும். ஒரு அன்னாசிப் பழம் வாங்கினால், மேல்தோலின் கண்கள் சாய்வு வரிசைகளாக ஓடுவதைப் பாருங்கள். ஒரு பக்கச் சாய்வில் ஸ்கெட்ச் பேனாவால் வரிசைக்கு வரிசை நிறம் மாற்றிக்கொண்டே போனால் பெரும்பாலும் 8 வரிசை இருக்கும், எதிர்ச் சாய்வில் 13. மகனுக்கு 1, 1, 2, 3, 5, 8, 13 தொடர் தெரிந்திருந்தால் கண் விரியும். வேறு எண் வந்தாலும் பரவாயில்லை, எண்ணியதை எழுதி வைக்கட்டும்.

மலையை அட்டையில் செய்வது இன்னொரு நல்ல வேலை. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி 100 மீட்டருக்கு ஒரு அடுக்கு என்று ஒட்டினால் ஊரிலிருந்து ஏற்காடுவரை பன்னிரண்டு அடுக்குச் சொச்சம். மேலே நூலை நேராகப் போட்டுப் பார்த்துவிட்டு, வளைத்து வளைத்துப் போட்டால் 20 கொண்டை ஊசி வளைவு எதற்கு என்பது புரிந்துவிடும். இது ஒரு நாளில் முடியாது, பசை காயவே நேரம் ஆகும்.

காகித மடிப்பையும் விடாதீர்கள். சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்த சுந்தர ராவ் 1893-இலேயே காகிதத்தை மடித்தே வடிவியல் கற்க ஒரு நூல் எழுதியவர். A4 தாளை நெடுக்குவாக்கில் இரண்டாக மடித்துப் பிரித்தால் நடுவில் ஒரு கோடு விழும். கீழே வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின்மேல் வையுங்கள், மடிப்பு கீழே இடது மூலையில் தொடங்கட்டும். மூலை கோட்டைத் தொடும் இடத்தையும் கீழ் மூலைகள் இரண்டையும் இணைத்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். கோணமானியே இல்லாமல் 60 பாகை. ஏன் சமம் என்று மகனைக் கேளுங்கள். தூக்கிய பக்கம் இடம் மாறியதே தவிர நீளம் மாறவில்லை, நடுக்கோட்டில் இருக்கும் எந்தப் புள்ளியும் இரண்டு மூலைக்கும் சம தூரம். இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும் நிரூபணம்.

இனி சில எச்சரிக்கைகள். வரைந்து முடிக்கும் முன்னே கேள்வி கேட்காதீர்கள். பெயரும் சூத்திரமும் கடைசியில் வரட்டும். எல்லாப் படத்தையும் கணக்காக மாற்றினால் அவள் உங்களிடமிருந்து படங்களை ஒளிக்கத் தொடங்குவாள்; வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் போதும். மற்ற நாள் பூனை வரையட்டும், வானவில் வரையட்டும், அதில் சமச்சீர் எங்கே என்று தேடாதீர்கள்.

இதனால் எல்லாம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கடன் வாங்கிக் கழித்தல், நீள்வகுத்தல் இவற்றுக்குப் பயிற்சி தனியாக வேண்டும்; அதை ஓவியத்தில் மறைத்துக் கொடுக்க முயன்றால் இரண்டும் கெடும். ஆனால் தினம் பத்து நிமிடம் உட்காரவே மறுக்கும் பிள்ளை, புள்ளிக் கணக்கில் இரண்டு முறை ஜெயித்த பிறகு உட்காரும். அரசுப் பள்ளி என்றால் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் செய்து பார்க்கும் வேலைகள் நிறைய உண்டு. இப்போது எந்தப் பாடம் நடக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டால் வீட்டு வேலையை அதோடு பொருத்தலாம். இவ்வளவுக்குப் பிறகும், சிறிய எண்களில் எது பெரிது என்பதிலேயே தொடர்ந்து தடுமாறினால், குழந்தைகளின் கற்றல் குறைபாடு பார்க்கும் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்க வேண்டியது அதிகமில்லை. கோலமாவு, சார்ட் தாள், கட்டம் போட்ட நோட்டு, ஸ்கெட்ச் பேனா, பாசிமணி, நூல். விலை போட்டு விற்கும் 'கணித ஓவியக் கிட்' எதுவும் வேண்டாம். அதில் வெட்டி அளந்து தயாராக வைத்திருப்பதெல்லாம் பிள்ளை செய்திருக்க வேண்டிய வேலை. ஜியோமெட்ரி பாக்ஸ் மட்டும் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே காம்பஸை எடுத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். திருகு தளர்வாக இருந்தால் கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேராது. பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்.